உடம்பு கிடைத்த சாவுக்கு அழக்கூடாதா?

கேள்வி: நெடுங்கேணிப் பக்கத்துத் தங்கச்சி ஒருவர், 12.07.2025

அம்மா பங்குனியில் இறந்துவிட்டா. புற்றுநோய். கடைசி மாதங்களில் நான்தான் பக்கத்தில் இருந்தேன். செத்தவீடு, எட்டாம் நாள் எட்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் செய்தோம். அந்தியேட்டி அன்று நான் அழுதுகொண்டிருக்க, பக்கத்து வளவு அன்ரி வந்து "உனக்கு உடம்பாவது கிடைச்சது பிள்ளை, கொள்ளி வைக்க ஆளும் இருந்தது" என்றா. அவவின் இரண்டு மகன்மாரும் 2009 இல், கடைசிப் போரில் போனவர்கள். அதற்குப் பிறகு எனக்கு ஆட்கள் முன்னால் அழவே வெட்கமாக இருக்கிறது. இரவில் கிணற்றடியில் போய் இருந்து அழுகிறேன். என் மனிசனும் "அந்தியேட்டி முடிஞ்சுதுதானே, இனி என்ன" என்கிறார். இவ்வளவு பேர் செத்த மண்ணில், வருத்தம் வந்து செத்த ஒரு அம்மாவுக்காக இப்படி அழலாமா?

12.07.2025, இரவு

அழலாம். முதலில் அதைச் சொல்லிவிட்டு மிச்சத்தைக் கதைக்கிறேன்.

என் வீட்டில் இரண்டு விதமும் உண்டு தங்கச்சி. தம்பி 2009 மாசியில் மாத்தளன் பக்கம் போனவன், அதற்குப் பிறகு தகவல் இல்லை. இவர், என் மனிசன், சிறுநீரக வருத்தத்தில் போனார், கட்டிலில், என் கை பிடித்தபடி. உடம்பு கிடைக்காத இழப்பும் தெரியும், உடம்பைக் குளிப்பாட்டி வேட்டி கட்டி அனுப்பிய இழப்பும் தெரியும். இரண்டையும் ஒரு தராசில் வைக்க நான் எவ்வளவோ பார்த்தேன், அது ஏலாத காரியம். தம்பியை நினைத்தால் நெஞ்சுக்குள் ஒரு கேள்வி எழும்பி நிற்கும், யாரிடம் கேட்பது என்று தெரியாது. இவரை நினைத்தால் கேள்வி ஒன்றும் இல்லை, பக்கத்துத் தலையணை வெறுமையாகக் கிடக்கும், அவ்வளவுதான். எது பெரிது என்று கேட்டால் எந்த நேரத்தில் கேட்கிறீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

இவர் செத்த வீட்டிலும் அதே கதை வந்தது. "நல்ல சாவு" என்றார்கள். "படுக்கையில் போனவர், குடுத்து வைச்சவர்" என்றார்கள். வன்னியில் படுக்கையில் சாவது ஒரு கொடுப்பினை மாதிரி ஆகிவிட்டது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கொடுப்பினை செத்தவருக்கு. இருக்கிறவளுக்கு அதில் என்ன இருக்கிறது?

13.07.2025

அந்த அன்ரியில் கோபப்படாதீர்கள். இரவு எழுதியதில் இதைச் சேர்க்க வேண்டும் போல் இருந்தது.

எங்கள் அம்மாவும் அப்படித்தான் கதைப்பா. ஊரில் எந்தச் செத்த வீட்டுக்குப் போனாலும், திரும்பி வந்து படலையைச் சாத்தும் முன்னமே "அவைக்கு முகமாவது பார்க்கக் கிடைச்சது" என்பா. கேட்கிறவர்களுக்கு அது குத்தும். எனக்கே குத்தியிருக்கிறது, இவர் செத்து எட்டு முடியாத நேரம் என்னைப் பார்த்தும் சொன்னா. ஆனால் அது எனக்குச் சொன்ன சொல் இல்லை. அம்மாவுக்குத் தன் மகனுக்காக ஒப்பாரி வைக்க ஒரு செத்த வீடு கிடைக்கவே இல்லை. மற்றவர்களின் செத்த வீட்டில்தான் அவவுக்கு வாய் திறந்தது. உங்கள் அம்மாவின் அந்தியேட்டியில் அந்த அன்ரியும் தன் பிள்ளைகளைத்தான் நினைத்திருப்பா.

அதற்காக நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று இல்லை. அவவும் அழட்டும், நீங்களும் அழுங்கள்.

15.07.2025

இதை வாசித்த கிளிநொச்சித் தம்பி ஒருவர் துக்கத்துக்கு ஐந்து படி என்று எழுதியிருக்கிறார்: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, பிறகு ஏற்றுக்கொள்ளல். இந்தத் தங்கச்சி இன்னும் மூன்றாம் படியில் நிற்கிறா என்றும் சொல்கிறார். தம்பி, நல்ல மனதோடுதான் எழுதுகிறீர்கள், ஆனால் அதை அப்படிப் பாவிக்கக் கூடாது. எலிசபெத் கூப்லர்-ரொஸ் என்ற மனநல வைத்தியர் 1969 இல் அதைச் சொன்னது, தாங்கள் சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளோடு கதைத்துவிட்டு. சாகிறவர்களின் மனநிலை அது. பிறகுதான் அதை இருக்கிறவர்களின் துக்கத்துக்கும் பொருத்தினார்கள், ஆட்களும் ஏணி ஏறுவதுபோல் ஏற வேண்டியது என்று நினைத்துக்கொண்டார்கள்.

எனக்கு ஒரு ஒழுங்கிலும் வரவில்லை. "ஏற்றுக்கொள்ளல்" செத்த வீட்டன்றே வந்தது. பால் தேத்தண்ணி ஊற்றினேன், வந்தவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டேன், பறைக்காரருக்குக் காசு எண்ணிக் கொடுத்தேன், எல்லாரும் "என்ன தைரியம்" என்றார்கள். கோபம் வந்தது அடுத்த காலபோகத்தில். விதைநெல் வாங்கப் போன இடத்தில், "எத்தனை ஏக்கர் விதைக்கப் போறார்?" என்று கடைக்காரர் கேட்டார். அவருக்கு ஆள் செத்தது தெரியாது. எனக்கு எங்கிருந்து வந்ததோ, அந்த மனிசனோடு சத்தம் போட்டுவிட்டு நெல்லும் வாங்காமல் வந்துவிட்டேன்.

ஸ்ட்ரோப், ஸ்கட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1999 இல் வேறு மாதிரி எழுதினார்கள், அது எனக்குப் பொருந்துகிறது. துக்கப்படுகிற ஆள் இரண்டு பக்கத்துக்கும் போய்ப் போய் வருவார் என்கிறார்கள். ஒரு பக்கம் இழப்பு: அழுகை, ஏக்கம், படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. மற்றப் பக்கம் இழப்பால் வந்து விழுந்த வேலைகள்: வங்கி, காணிப் பத்திரம், பிள்ளையின் ரியூசன், இதுவரை அவர் செய்ததை எல்லாம் நான் பழகுவது. இரண்டுக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருப்பதுதான் சுகமான போக்கு, ஒரே பக்கத்தில் இறுகிப் போனால்தான் சிக்கல் என்கிறார்கள்.

இவருடைய லான்ட்மாஸ்டரை, அந்த இரண்டு சில்லு உழவு மெசினைத்தான் நான் இதற்கு உதாரணம் சொல்வேன். கொட்டிலுக்குள் நின்றது. கைபிடியில் பழைய சாரத் துண்டு ஒன்றைச் சுற்றியிருந்தார், கை வழுக்காமல் இருக்க, அதில் எண்ணெயும் வேர்வையும் சேர்ந்து தோல் மாதிரி ஆகியிருந்தது. விற்கச் சொன்னார்கள். ஒரு நாள் விற்க நினைப்பேன், மற்ற நாள் அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கடைசியில் பக்கத்து வயல் பெடியனுக்கு வாடகைக்குக் கொடுத்தேன். முதல் நாள் விடியப்புறம் அது வாய்க்கால் றோட்டால் போகிற சத்தம் கேட்டு, நித்திரைக்குள் "சாப்பாடு கட்டேல்லை" என்று எழும்பிவிட்டேன். எழும்பி இருந்து அழுதேன். மாலையில் பெடியன் கொண்டுவந்த வாடகைக் காசில் மூத்தவளுக்குச் சப்பாத்து வாங்கினேன். அழுததும் சப்பாத்து வாங்கியதும் ஒரே நாளில்தான், இதில் நான் எந்தப் படியில் நின்றேன் என்று சொல்லுங்கள்.

16.07.2025

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு இந்த வருசம் போகாமல் விட்டது சரியா என்று ஒருவர் கேட்கிறார். துடக்கு 31 உடன் போகும், பண்டிகை கொண்டாடாமல் ஒரு வருசம் இருப்பது ஊர் வழக்கம். போகாதது சரி, வருசம் திரும்பட்டும். ஆனால் மனம் கேட்டால் கோயிலுக்கு வெளியே வீதியில் நின்று கும்பிட்டுவிட்டு வாருங்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கண்ணகியே தன் மனிசனுக்காக ஊரை எரித்தவ. துக்கக்காரரை அவ விலக்குவாவா?

இவர் இருந்திருந்தால் "கடலை வாங்கத்தானே போறாய், சாட்டுக்கு அம்மாளாச்சி" என்றிருப்பார். ஒவ்வொரு வருசமும் சொல்வார். கடலைச் சரையில் பாதி அவருக்குத்தான் போகும்.

19.07.2025

தங்கச்சி திரும்ப எழுதியிருக்கிறா. கடைசி நாட்களில் அம்மா கேட்ட ஒரு சாப்பாட்டைக் கொடுக்காமல் விட்டதாம், டொக்டர் வேண்டாம் என்றதால். அதுதான் இரவில் வந்து நிற்கிறதாம். இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

வடமத்திய மாகாணத்தில் 1990களில் தெரியவந்த சிறுநீரக நோய் ஒன்று இருக்கிறது, நெல்லோடு கிடக்கிற கமக்காரரைத்தான் கூடுதலாகப் பிடிக்கிறது, காரணம் இன்னும் உறுதியாகப் பிடிபடவில்லை. வவுனியாப் பக்கமும் உண்டு. இவருக்கு வந்தது அதுதான் என்று சொன்னார்கள். இரத்தம் சுத்திகரிக்கப் போய்வருகிற ஆளுக்குத் தண்ணி அளந்துதான் கொடுக்க வேண்டும், குடித்தது வெளியே போகாது, நெஞ்சில் தேங்கிவிடும். ஒரு அரை லீட்டர் போத்தலில் காலையில் நிறைத்து வைப்பேன், அன்றைக்கு அதுதான், அதற்குள்தான் குளிசையும். சித்திரை வெயில், வயலில் வளர்ந்த உடம்பு. "ஒரு மிடறு தா" என்பார். நான் கொடுக்கமாட்டேன். போத்தலைக் குசினித் தட்டின் மேல் தட்டில், அரிசிப் பேணிக்குப் பின்னால் மறைத்து வைப்பேன். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, கருவாட்டு உப்பு கூடாது. எங்கள் வளவில் தென்னை நிற்க, அதன் நிழலில் கதிரை போட்டு இருந்த மனிசனுக்கு இளநீர் இல்லை.

நான் செய்தது சரி. இன்றைக்கும் அதையே செய்வேன். அந்தத் தண்ணியைக் கொடுத்திருந்தால் அவர் இன்னும் வேளைக்குப் போயிருப்பார், மூச்சுத் திணறிப் போயிருப்பார். ஆனால் சரியாகச் செய்த காரியமும் இரவில் வந்து நிற்கும் தங்கச்சி. வந்து நிற்கிறதால் அது பிழை என்று ஆகாது. நீங்கள் மறுத்தது அம்மா இன்னும் கொஞ்சம் இருக்க வேண்டும் என்று. அவவை வைத்திருக்கப் பார்த்த ஆள் நீங்கள்தான், அதனால்தான் அந்த நினைவு வேறு ஆளிடம் போகாமல் உங்களிடம் வருகிறது.

எட்டுச்செலவு அன்று மாமி ஒன்றும் கேட்கவில்லை, தானே போய்ச் சமைத்தா. தலைவாழை இலையில் பாரைக் கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்காய்ப் பிரட்டல், மாம்பழம், கதலிப்பழம், வெட்டின இளநீர் இரண்டு, ஒரு செம்பு நிறையக் கிணற்றுத் தண்ணி. நோய் மறித்த எல்லாம் அந்த இலையில் இருந்தது. மாமி செம்பை வைத்துவிட்டு "குடி ராசா, இனி ஒருத்தரும் மறிக்கமாட்டினம்" என்றா. நான் அவர் செத்த அன்று அழாத அழுகையை அந்தச் செம்புக்கு முன்னால் அழுதேன். மாமி என்னைப் பிடித்துக்கொண்டு அழுதா. அதுவரை எனக்குப் பயம் இருந்தது, தண்ணி கொடுக்காத மருமகள் என்று மனதில் வைத்திருப்பாவோ என்று.

உங்கள் அம்மா கேட்டதை வருகிற அமாவாசைக்குச் சமைத்துப் படையுங்கள். திவசம் மட்டும் காத்திருக்கத் தேவையில்லை.

20.07.2025

"எட்டும் அந்தியேட்டியும் உங்களுக்குக் கிடைச்சது, எங்களுக்கு?" என்று புதுக்குடியிருப்பில் இருந்து ஒரு அண்ணா கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நேற்று எழுதியதை நினைத்துப் பார்த்தேன். சடங்கு கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும் என்று சொல்வது எனக்கு லேசு. வலைஞர்மடத்திலும் முள்ளிவாய்க்காலிலும் பங்கருக்குள்ளேயே தாயை மூடிவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடியவர்களுக்கு எந்த எட்டு, எந்த அந்தியேட்டி? தறப்பாளுக்குள் சுற்றினார்கள், அதுவும் இல்லாவிட்டால் சாரத்தால் மூடினார்கள். அதற்குப் பிறகு மெனிக் பாம் முகாமில் கம்பிக்குள் தண்ணிக்கு வரிசையில் நின்றார்கள். அழ நேரம் எங்கே?

காணாமல் போனவர்களின் கதை அதைவிட வேறு. 2010 இல் ஒரு சட்டம் வந்தது, காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்று. அம்மாவிடம் பத்திரத்தைக் கொண்டுவந்தபோது "என்ர கையால அவனைச் சாகக் குடுக்கச் சொல்லுறியளோ" என்று கேட்டா. 2016 இல் சட்டத்தைத் திருத்தினார்கள், செத்தார் என்று சொல்லாமல், ஆள் காணாமல் போயிருக்கிறார் என்று மட்டும் சொல்கிற சான்றிதழும் எடுக்கலாம் என்று. காணி, வங்கி அலுவலுக்கு அது உதவும். அதையும் அம்மா வாங்கவில்லை. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் தாய்மார் போராட்டம் தொடங்கினபோது அம்மாவும் படத்தோடு போய் இருந்தா. மகனைப் பார்க்காமலே போய்விட்டா.

பவுலின் பாஸ் என்று ஒரு அமெரிக்க அம்மா, வியட்நாம் போரில் காணாமல் போன படையினரின் குடும்பங்களோடு 1970களில் வேலை செய்தவ. இப்படியான இழப்பில் ஆள் உறைந்து போவதற்குக் காரணம் அந்த ஆளின் பலவீனம் அல்ல, இழப்பே அப்படியானது என்கிறா. "முடித்துவிடு, விட்டுவிடு" என்று அவர்களிடம் கேட்கக் கூடாது என்றும் சொல்கிறா. அம்மாவுக்கு நாங்கள் கனநாள் செய்தது அதைத்தான். அவன் இல்லை என்று ஏற்றுக்கொள்ளச் சொல்லிச் சொல்லி அவவைத் தனியாக்கினது ஊர் முழுவதும்தான்.

அண்ணா, உங்களுக்கு நான் பதில் சொல்லக்கூடிய ஆள் இல்லை. ஒன்று மட்டும் பார்த்திருக்கிறேன். வைகாசியில் முள்ளிவாய்க்கால் நினைவாகச் சந்திக்குச் சந்தி கஞ்சி கொடுக்கிறார்கள். அரிசி, தண்ணி, கொஞ்சம் உப்பு, அந்தக் கடைசி நாட்களில் கிடைத்தது அவ்வளவுதான் என்பதற்காக. சிரட்டையில் வாங்கிக் குடிக்கிற சின்னப் பிள்ளைகள் "ஏன் இதில் தேங்காய்ப்பால் இல்லை?" என்று கேட்க, பெரியவர்கள் சொல்லத் தொடங்குகிறார்கள். வருசம் முழுக்க வாய் திறக்காத என் சித்தப்பா அங்கேதான் தன் மகளைப் பற்றிக் கதைப்பார். கொள்ளி வைக்கக் கிடைக்காதவர்கள் சேர்ந்து செய்கிற அந்தியேட்டி அது என்றுதான் எனக்குப் படுகிறது. தயா சோமசுந்தரம் போன்ற எங்கள் மனநல வைத்தியர்கள், போர் தனி ஆளை மட்டும் அல்ல, ஊரையே உடைத்தது என்று எழுதியிருக்கிறார்கள். உடைந்தது ஊர் என்றால் ஊராகச் சேர்ந்துதான் அழவும் வேண்டும்.

20.07.2025, இரவு

இன்னொன்று. முல்லைத்தீவுக் கரையில் 26.12.2004 அன்று சுனாமியில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். கடலில் பிள்ளையைக் கொடுத்த தாய்மார் பலர் 2009 க்குப் பிறகு வாய் திறப்பதில்லை, "அதை விடப் பெரிசு நடந்துட்டுது" என்று. ஒரு துக்கம் வந்து இன்னொரு துக்கத்தை மூடக் கூடாது.

24.07.2025, ஆடி அமாவாசை

அப்பாவுக்கு விரதம். காலையில் வேலியோரம் காத்தோட்டிக்காய் தேடிப் போனேன், முள் கையைக் கிழித்தது. பொரித்தாலும் கசப்புத்தான், ஆனால் இன்றைக்கு அது இல்லாமல் இலை நிறையாது. மூத்தவள் தன் அப்பாவுக்கு இன்றைக்குத்தான் முதன்முதல் தானே சமைத்துப் படைத்தாள். இளநீரையும் அவளே வெட்டினாள்.

தம்பிக்குப் படைப்பதா என்று ஒவ்வொரு வருசமும் யோசிப்பேன். அம்மா இருக்கும் வரை ஏலாது. இப்போது அம்மா இல்லை, செய்ய விடாத ஆள் ஒருவரும் இல்லை. ஆனாலும் செய்யவில்லை, செய்யப் போவதும் இல்லை. அவனுடைய பிறந்தநாளுக்குப் பால்புக்கை பொங்கி, அவன் படித்த பள்ளிக்கூடத்துச் சின்ன வகுப்புகளுக்குக் கொடுக்கிறேன். இருந்தால் அவனுக்கு, இல்லாவிட்டாலும் அவனுக்கு.

27.07.2025

சரி, அழுகை எப்போது வைத்தியரிடம் போக வேண்டிய விசயம் ஆகிறது என்று கனபேர் கேட்டிருக்கிறீர்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் 2022 இல் நடைமுறைக்கு வந்தது. அதில் நீடித்த துக்கம் என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். குறைந்தது ஆறு மாதத்துக்கு மேலாக, ஊர் வழக்கத்தையும் தாண்டி, ஒவ்வொரு நாளும் ஆளை உருக்கி, எழும்பிச் சமைக்கவோ வேலைக்குப் போகவோ பிள்ளையைப் பார்க்கவோ விடாமல் செய்தால் அது. அமெரிக்க மனநல வைத்தியர்களின் பட்டியல் பெரியவர்களுக்கு ஒரு வருசம் என்கிறது. தங்கச்சி, உங்களுக்கு நாலு மாதம்தான். கிணற்றடியில் அழுதுவிட்டு வந்து பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கிறீர்கள். அது துக்கம், நோய் அல்ல.

ஆனால் சாக வேண்டும் போல் இருந்தால், சாப்பாடும் நித்திரையும் விட்டுப் போனால், ஆறு மாதம், ஒரு வருசம் என்று எண்ணிக்கொண்டு இருக்காதீர்கள். 1926 க்கு அடியுங்கள், அரசாங்கத்தின் மனநல உதவி இலக்கம், இரவிலும் எடுப்பார்கள். மாவட்ட வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருந்தால் அவரிடமும் போகலாம். "விசருக்கு மருந்தெடுக்கப் போறாள்" என்று சொல்கிறவர்கள் உங்கள் இரவில் வந்து துணைக்கு இருக்கப் போவதில்லை.

ஆம்பிளையளுக்கும் சொல்கிறேன். நீங்கள் அழாமல் இருந்துவிட்டுப் பின்னேரம் தவறணைக்குப் போவதும் துக்கம்தான், பெயர்தான் வேறு. அப்புறம் நெஞ்சு நோ. ஆள் செத்த அதிர்ச்சியில் இதயம் திடீரென்று பலவீனப்படுகிற ஒரு வருத்தம் உண்மையிலேயே உண்டு, 1990 இல் ஜப்பானிய வைத்தியர்கள் முதலில் எழுதியது. மாரடைப்பு மாதிரியே இருக்கும். "கவலையில நோகுது" என்று செத்த வீட்டில் கொத்தமல்லி அவித்துக் கொடுத்துக்கொண்டு இருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

29.07.2025

தங்கச்சி எழுதியிருக்கிறா, அமாவாசைக்கு அம்மா கேட்ட ஒடியல் கூழைக் காய்ச்சிப் படைத்துவிட்டு, ஒரு சட்டியில் பக்கத்து வளவு அன்ரிக்கும் கொண்டு போனதாக. அன்ரி குடித்துவிட்டு, தன் சின்னவனுக்குக் கூழில் நண்டு இல்லாவிட்டால் கோபம் வரும் என்று தொடங்கி, இருட்டும் வரை கதைத்தாவாம். அவவின் பிள்ளைகளின் பெயரை இவ்வளவு காலத்தில் ஒருவரும் கேட்டதில்லையாம்.

நல்ல காரியம். இனி அவவின் பிள்ளைகளின் நாளுக்கு நீங்கள் போங்கள், உங்கள் அம்மாவின் திவசத்துக்கு அவவைச் சமைக்கக் கூப்பிடுங்கள்.

உங்கள் மனிசனுக்கு ஒரு விசயம், இதை வாசிக்கக் கொடுங்கள். தம்பி, அந்தியேட்டி முடிந்தது துடக்குக்கு. "இனி என்ன" என்று கேட்காதீர்கள். இரவு அவ கிணற்றடிக்குப் போனால் பின்னால் போய்ப் பக்கத்தில் இருங்கள், ஒன்றும் கதைக்கத் தேவையில்லை. மாமியார் உங்களுக்கு என்ன சமைத்துத் தந்தவ என்று நினைவு இருந்தால் அதைச் சொல்லுங்கள், அவவைப் பெயர் சொல்லிக் கதையுங்கள். பாம்பு திரிகிற காலம், ரோச் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.